காசுக்கு ஞாபகம் கிடையாது, அக்கா

என் பிரியத்துக்கும் சண்டைக்கும் உரிய செல்வி அக்கா,

நலம்தானா என்று எழுதத்தான் கை போனது. அடித்துவிட்டேன். இறந்தவர்களிடம் அதைக் கேட்கலாமா கூடாதா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் நீ எங்கே இருக்கிறாய் என்பதில் இங்கே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். கம்பெனியில் இருக்கிறாயாம். வெடித்த அதே மருந்து அறையில், புதிதாக வெள்ளையடித்த சுவர்களுக்குள் உட்கார்ந்து, வேலைக்கு வருகிறவர்களைக் காக்கிறாயாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுப்பில் வைத்த பாலைப் பொங்காமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் நீ. அம்மா உன்னிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள். நீ சீப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். பால் வழிந்து அடுப்பு அணைந்து, தீய்ந்த வாடை தெருவுக்கு வந்த பிறகுதான் உனக்கு நினைவு வரும். உன்னை நம்பி ஓர் அறையையே ஒப்படைத்திருக்கிறார்கள்.

சிரித்தேனே தவிர, அன்றிலிருந்து பட்டப்பகலில்கூட முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

இந்தக் கடிதம் மற்றவர்கள் கையிலும் கிடைக்கலாம் என்பதால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், எங்கள் பக்கம், மருந்து என்றால் வெடிமருந்து. பட்டாசுக் குழாய்களில் அதை அடைக்கிற அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி, கரிசல் காட்டுக்குள் தனித்தனியாக நிற்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஒன்று போனாலும் மற்றவை மிஞ்ச வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி.

போன வருடம் உன் அறை போனது. மற்ற மூன்று பேரும் சாப்பிட வெளியே வந்திருந்தார்கள். பேச்சி அத்தை அந்த மூன்று பேரில் ஒருத்தி. "நீங்க போங்கத்தை, நான் பின்னாலயே வாரேன்னு சொன்னா. எங்கள வெளிய தள்ளிவிட்டுட்டு அவ நின்னுக்கிட்டா" என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நீ அவர்களைத் தள்ளிவிட்டாயா, இல்லை வழக்கம்போல மெதுவாகக் கிளம்பினாயா? நீ என்றைக்குத்தான் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறாய்?

என் செய்திக்கு வருகிறேன். விருதுநகரில் பி.பி.ஏ. இரண்டாம் வருடம் வந்துவிட்டேன். புள்ளியியல் இந்த வருடம்தான். நான் சேர்ந்த அன்று பாடப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மார்கழியில வாசல்ல கோலம் போட்டாப் போதுமே, எதுக்குட்டி காலேஜு" என்றாயே, நினைவிருக்கிறதா? கோலம் இல்லை அக்கா. நேற்று நடந்ததை வைத்து நாளைக்கு நடக்கப் போவதை ஊகிக்க, வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சொல்லித் தருகிற பாடம். எந்த ஊருக்கு எத்தனை லோடு அனுப்பலாம், எந்த ஆர்டரை நம்பலாம் என்பது மாதிரி.

முதல் வகுப்பில் மேடம் ஒவ்வொருத்தரையும் எழுப்பி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். சராசரி கண்டுபிடிப்பதற்காக. என் முறை வந்தபோது எழுந்து மூன்று என்றேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அப்பா நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டார். நீயும் போன பின் அம்மாவும் நானும்தானே? மாற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் கூட்ட ஆரம்பித்துவிட்டார். எங்கள் வகுப்பின் சராசரிக்குள் நீயும் கொஞ்சம் சேர்ந்து கிடக்கிறாய். யாருக்கும் தெரியாது.

நீ போன பிறகு அம்மா சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தாள் என்று சொல்ல முடியாது. போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், அது காய்ந்துவிடும், எடுத்து வெளியே நாய்க்கு வைத்துவிடுவாள். வீட்டிலிருந்து காகிதக் குழாய் உருட்டிக் கொடுப்பதையும் விட்டுவிட்டாள். சேலைக்குள் உடம்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் கேட்கிற அளவுக்கு இளைத்துப்போனாள். அப்புறம் சீல் வைத்திருந்த கம்பெனியைத் திறந்தார்கள். உன் அறையையும் திரும்பக் கட்டினார்கள். கட்டி முடித்த கையோடு பேச்சி அத்தை நம் வீட்டுக்கு வந்தாள்.

"மதினி, செல்வி ரூம்ல எடம் கேட்டு அடிதடியாக் கெடக்கு. பலி வாங்குன எடம் மறுக்கா கேக்காதுல்ல? போதாததுக்கு நம்ம பிள்ள வேற அங்கன நிக்கா. மத்த ரூமுலதான் இப்பப் பயம். நீங்க கேட்டா ஃபோர்மேன் அண்ணாச்சி மறுக்க மாட்டாரு" என்றாள்.

அம்மா மறுநாளே போய், நீ உட்கார்ந்த இடத்தையே கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வந்து, காலையில் மிஞ்சிய சோற்றை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "இன்னைக்குப் பூரா அவகூட இருந்துட்டு வந்தேன்" என்றாள். நான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, எங்கே போய் வந்து சாப்பிடுகிறாள் என்று பயப்படுவதா?

அந்த வாரம்தான் வகுப்பில் நிகழ்தகவு ஆரம்பித்தது. மேடம் ஒரு காசைச் சுண்டினார். தலை. மறுபடி சுண்டினார். அதுவும் தலை. நாலைந்து முறை தொடர்ந்து தலையே விழுந்ததும், அடுத்து என்ன விழும் என்று கேட்டார். வகுப்பே பூ என்று கத்தியது. நானும்தான். இத்தனை தலைக்குப் பிறகு பூவின் முறைதானே?

மேடம் காசைக் கைக்குள் மூடிக்கொண்டார். "காசுக்கு ஞாபகம் கிடையாதும்மா. இதுக்கு முன்னாடி என்ன விழுந்ததுன்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதுக்கு முதல் தடவைதான்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. அப்படியென்றால் அறைக்கும் ஞாபகம் கிடையாது. போன வருடம் ஒருத்தியை வாங்கிவிட்டோம், போதும் என்று அதற்குத் தெரியாது. உன்னையே அதற்குத் தெரியாது. நீ ஐந்து வருடம் உள்ளே உட்கார்ந்து கைநிறைய மருந்தோடு வேலை பார்த்ததும் தெரியாது. காலையில் அம்மா உள்ளே போகும்போது அதற்கு அது முதல் தடவைதான்.

இதை அம்மாவிடம் சொல்லி அவளை நிறுத்த வேண்டும். ஆனால் சொல்வது என்றால், நீ அங்கே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவள் தட்டில் கை வைப்பாளா? பல நாள் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு, உன் தங்கை என்பதால் வேப்பமரம் வரைக்கும் விட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் உன் அறை தெரியும். உச்சி வெயிலில் காடு முழுக்கக் கண் கூசியது. அந்த வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் திரும்பி, "செல்வி, சாப்பிட்டு வாரோம்" என்றார்கள். வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தியிடம் சொல்லிவிட்டு வருகிற அதே குரல். கடைசியாக அம்மா வந்தாள். "வாரேன் தாயி" என்றாள். நம்பினால் நம்பு, உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு விளையாட்டு என்று சொல்லிக் காசை எடுத்தேன். மேடம் செய்ததையே செய்து காட்டலாம் என்று நினைப்பு. தலையும் பூவும் மாறி மாறி விழும், அதை வைத்து முன்னால் நடந்ததற்கும் பின்னால் நடப்பதற்கும் சம்பந்தமில்லை என்று பதமாக எடுத்துச் சொல்லலாம். பெரிய பேராசிரியை நான்.

சுண்டினேன். தலை. மறுபடியும் தலை. மூன்றாவதும் அதுதான். பெண்கள் சிரித்தார்கள். அதற்கடுத்தும் தலை விழுந்தபோது சிரிப்பு குறைந்தது. அதற்கும் அடுத்ததில் எல்லோரும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். என் விரல் வியர்த்துக் காசு வழுக்கி, உருண்டு போய் அம்மாவின் காலில் முட்டிச் சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். தலை.

"இது பூக்கட்டிப் பாத்த மாதிரியில்ல இருக்கு" என்றாள் பேச்சி அத்தை. கோயிலில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, எடுப்பதை வைத்துச் சாமியிடம் உத்தரவு கேட்போமே, அதைத்தான் சொன்னாள்.

அம்மா காலருகே கிடந்த காசை எடுக்கவில்லை. "நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்தேன். இருக்கியா தாயி, இருந்தாத் தலை விழட்டும்னு. ஒரு தடவைகூட அவ மாத்திச் சொல்லல" என்றாள்.

தொடர்ந்து இத்தனை தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியதுதான். தேர்வில் கேட்டால் முழு மதிப்பெண் வாங்குவேன். அந்த வெயிலில் கையில் மயிர் ஏன் குத்திட்டு நின்றது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இன்னொரு முறை சுண்டு என்றார்கள். முடியாது என்றுவிட்டேன். தலை விழுந்துவிடுமோ என்று பயந்தேனா, பூ விழுந்துவிடுமோ என்று பயந்தேனா? இன்றுவரை அது எனக்கே விளங்கவில்லை.

நிறுத்தப் போனவள் நெய் ஊற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இருக்கன்குடிக்குப் போய் வந்தவர்கள் மாரியம்மன் குங்குமத்தைக் கொண்டுவந்து உன் வாசலில் பூசினார்கள். மாலை போட்டார்கள். பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் இங்கே வந்து உட்காரக் கேட்டார்கள்.

பிறகு ஒரு நாள் வகுப்பில் மேடம், எல்லா நிகழ்ச்சியும் காசு மாதிரி கிடையாது என்றார். சிலதில், ஒன்று நடந்துவிட்டால் இன்னொன்றின் வாய்ப்பு மாறிவிடும். மழை பெய்தால் பஸ் தாமதமாக வரும். அன்றைக்கு மழையில்லை என்று தெரிந்தால் கணக்கே வேறு. சாதாரண உதாரணம்தான். ஆனால் பேனாவை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்கு ஞாபகம் கிடையாது, சரி. அறைக்குள் போகிறவர்களுக்கு இருக்கிறதே?

மறு சனிக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை உன்னைத் தேடவில்லை, அறையைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தவர்கள் ஆறு பேர். நாலு பேர் என்று எழுதியிருந்த சுவரில் மாலை தொங்கியது. வாசலருகே செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும் இல்லையா? சேலையிலும் உடம்பிலும் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்க, உள்ளே போகுமுன் அதைத் தொட வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். கண்ணுக்குத் தெரியாத பொறி போதும், தொடாமல் போகிறவளைக் கண்டால் சப்பென்று அறையத் தோன்றும் என்பாய். அந்தத் தகடு முழுக்கக் குங்குமம் அப்பிக் காய்ந்து கிடந்தது. உள்ளே திரும்பிப் போனவர்கள் ஒருத்தியும் தகட்டைத் தொடவில்லை. மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ அங்கே இருப்பதாக நம்பித்தான் ஆறு பேர் உட்காருகிறார்கள். நீ இருப்பதாக நம்பித்தான் தகட்டை மறந்தார்கள். பயத்தையெல்லாம் வாசலிலேயே கழற்றி உன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள், அம்மாவும்தான். அக்கா, நீ காக்கிறாய் என்று சொல்லிச் சொல்லியே அந்த அறையை மறுபடி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபோர்மேனிடம் போய்க் கேட்டேன். "சீசன் நேரம் பாப்பா, ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. நாங்களா கூட்டி வச்சோம்? அவுகளா வந்து உக்காருதாக" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அம்மாவிடம் சார்பு நிகழ்ச்சி, சாரா நிகழ்ச்சி என்று பாடம் நடத்தினால் ஏறுமா? காசு விஷயத்தில் பட்டதே போதும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நீ இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் உன்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போக முடியும்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் போனேன். வேப்பமரத்தில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உன் வாசலுக்கு நடந்தேன். யாரோ கத்தினார்கள். மாலையை எடுத்துக் கீழே வைத்தேன். தாவணி முனையால் தகட்டைத் துடைத்து, உள்ளங்கையை அதில் அழுத்தினேன். வெயிலில் கிடக்கிற செம்பு சுட வேண்டும். ஐஸாகக் குளிர்ந்தது. ஏன் என்று கேட்காதே.

"அக்கா, எந்திரி. இங்கன இருந்தது போதும். வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். அவர்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் அறைக்குள்ளே இருந்து ஒரு காற்று வந்து, என் முகத்தைத் தொடாமல் தோளை உரசிக்கொண்டு போனது. வாசலில் நிற்கிறவளை இடித்துக்கொண்டு வெளியே போவாயே, அந்த மாதிரி. உன்னைக் கொண்டுபோக, வாசற்படியருகே ஒரு பிடி கரிசல் மண்ணை அள்ளிக்கொண்டேன்.

பேச்சி அத்தை ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். அழுதாள். "ஏ பொன்மணி, அவள எங்க கூட்டிட்டுப் போற? எங்களுக்கு இங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லத்தை. நாலு பேரா உக்காருங்க. தகட்டத் தொட்டுட்டுப் போங்க. முன்ன மாதிரி பயந்து வேலை பாருங்க."

 எல்லோரும் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார்கள். முதல்முறையாக அவர்கள் அதை வெறும் அறையாகப் பார்ப்பது தெரிந்தது. ஒருத்தி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். என்ன கூட்டம் என்று வந்த ஃபோர்மேன், துடைத்த தகட்டையும் எங்களையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரை அடுத்த அறைக்குப் போகச் சொன்னார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை விரித்து, "இங்கன போடு" என்றாள். மண்ணை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கேட்டை நோக்கி நடந்தாள். வாசலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அங்கே பார்க்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் இந்த ஓரத்தில். மூன்று பேர் உட்காருகிற சீட்டு. நடுவில் இடம் விட்டிருக்கிறோம் என்று உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வந்தார். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரெண்டு பேர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கை வைத்து அழுத்தினாள்.

இப்போது அம்மா வீட்டிலேயே குழாய் உருட்டுகிறாள். மண் உன் படத்துக்குக் கீழே, ஒரு சின்னத் தகரச் சம்படத்தில் இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள். பேச்சி அத்தை அந்த அறையில்தான் இருக்கிறாள். நாலு பேர்தானாம், தகடு தேய்ந்து பளபளக்கிறதாம். "வயித்துல புளியக் கரைக்குது பிள்ள, ஒரு சத்தம் கேட்டாப் போதும்" என்று என்னைத் திட்டுகிறாள். திட்டட்டும்.

நேற்றுக் காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அம்மா பக்கத்திலேயேதான் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். "அவ பாத்துக்கிடுவான்னு இருந்துட்டேன்" என்றாள், கொஞ்சமும் வருத்தப்படாமல். நான் தரையைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். அப்புறம் அழுதேன். உன்னைக் கூட்டி வந்தேனே, உன் வேலையையும் சேர்த்துக் கூட்டி வந்துவிட்டேன் அக்கா.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் பாலை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பையும், அம்மாவையும். அவள் மறுபடி அந்தப் பக்கம் போகாமல் இருக்க, இந்தப் படிப்பை முடித்து ஒரு வேலைக்கும் போவேன். நீ யாரையும் காக்க வேண்டாம். சீப்பை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார், சும்மா இரு. அந்த மூன்றாவது டிக்கெட் என் புள்ளியியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. கண்டக்டர் தவறிக் கிழித்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நான் கணக்குப் போடவில்லை, போடவும் மாட்டேன். நீ இருக்கிறாயா என்று கேட்டு இனி ஒருபோதும் காசைச் சுண்ட மாட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் மட்டும், முன்பு சொன்னதையே சொல்வேன்.

உனக்கு அடுத்துப் பிறந்து, உன் பழைய தாவணியைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் தங்கை,
பொன்மணி